பெட்ரோல் இல்லாத காலத்தில் கரியில் ஓடிய பஸ்கள்... டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் இன்ஜினுக்குத் தீனி தேடிய கதை

பேரிகை பஸ் ஸ்டாப்பில் காலை ஷிப்ட் நேரத்துக்கு நின்று பாருங்க. பாகலூர் வழியாக ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்கள், மாலூர் பக்கமிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டிகள், இடையில் புகுந்து போகும் டூவீலர்கள். அந்த டூவீலர்களில் பாதி வண்டியில் இருக்கும் மூன்று எழுத்து: டி.வி.எஸ்.

தினமும் பார்க்கும் எழுத்துதான். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர்ச்சுருக்கம் என்பது பலருக்குத் தெரியாது. திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். அவர் இறந்து 70 ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஓசூரில் அவர் பெயரில் ஒரு தொழிற்சாலை வரும் என்பது அவருக்கே தெரியாது.

இப்போது இன்னொரு காட்சி. டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்கள் கராஜுக்குப் போய், பவரை ஏற்றித் தரச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். காற்றை அதிகமாகத் தள்ளிவிடலாம், அதற்கு ஈடான எரிபொருள் எங்கிருந்து வரும்?

கிட்டத்தட்ட இதே கேள்வி 1940-களில் சுந்தரம் ஐயங்கார் முன்னால் வந்து நின்றது. அவருக்கு அது பவர் பிரச்சினை இல்லை. பஸ் ஓடுமா, நிற்குமா என்கிற பிரச்சினை. அவர் என்ன செய்தார்? வாங்க, விவரமாகப் பார்க்கலாம்.

யார் இந்த சுந்தரம் ஐயங்கார்?

1877 மார்ச் 22-ம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதன்படி சட்டத் துறையில்தான் தொடங்கினார். பிறகு ரயில்வே வேலை, அதன்பின் வங்கி வேலை. மூன்றுமே அந்தக் காலத்தில் மரியாதையான உத்தியோகம். மூன்றையும் விட்டுவிட்டார்.

டி.வி.எஸ். குழுமம் தனது தொடக்க ஆண்டாகச் சொல்வது 1911. மதுரையை மையமாக வைத்து பஸ் ஓட்டத் தொடங்கினார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய ரோட்டில் மோட்டார் பஸ். அன்று அது பெரிய ரிஸ்க். ரோடு கிடையாது, மெக்கானிக் கிடையாது, ஒரு போல்ட் உடைந்தாலும் கப்பலில்தான் வர வேண்டும்.

பின்னர் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் பெருகின. மதுரை வட்டாரத்தில் டி.வி.எஸ். பஸ் என்றால் நேரம் தவறாது என்று பெயர். பஸ் வருவதை வைத்து மணி சொல்வார்கள் என்று பழைய மதுரைக்காரர்கள் இன்றும் பேசுவதுண்டு.

இந்த நேரம் தவறாமைதான் கதையின் முக்கியமான இடம். சொன்ன நேரத்துக்கு பஸ் வர வேண்டுமானால் டிரைவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. டயர், பிரேக், பெட்ரோல், உதிரிபாகம் எல்லாமே கையில் இருக்க வேண்டும். அதனால்தான் வெறும் பஸ் முதலாளியாக இருந்தவர் வொர்க்‌ஷாப், உதிரிபாக விற்பனை, ஜெனரல் மோட்டார்ஸ் வாகன விநியோகம் என்று அடுத்தடுத்துப் போனார்.

யுத்தம் வந்தது... பெட்ரோல் போனது

இரண்டாம் உலகப் போர் தீவிரமானபோது இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில், ஜப்பான் கைக்குப் போகக் கூடாது என்று பர்மாவின் ஏனஞ்சாங் எண்ணெய் வயல்களை பிரிட்டிஷாரே அழித்தார்கள்.

இதில் நமக்கு விழுந்த அடி இரண்டு. பர்மா போனதால் எண்ணெய் வரத்து நின்றது. மலாயா போனதால் ரப்பர் நின்றது. பஸ் கம்பெனிக்கு இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்ன மிச்சம்? ஷெட்டில் நிற்கும் இரும்புதான்.

பஸ் நின்றால் முதலாளிக்கு மட்டும் நஷ்டம் இல்லை. சந்தைக்குப் போகும் விவசாயி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், டிரைவர், கண்டக்டர், கிளீனர் என்று எல்லோருக்கும்தான். இந்த நெருக்கடியில்தான் டி.வி.எஸ். நிறுவனம் சொந்தமாக ஒரு கேஸ் பிளான்ட்டை வடிவமைத்துத் தயாரித்தது. டயருக்கு மாற்றாக, தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் வேலையிலும் இறங்கியது.

கேஸ் பிளான்ட் எப்படி வேலை செய்யும்?

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கரி பஸ் பற்றிக் கேட்டுப் பாருங்க. பஸ்ஸின் பின்னால் பெரிய டிரம் ஒன்று நிற்கும். அதுதான் கேஸ் பிளான்ட்.

டிரம்முக்குள் மரக்கரியைப் போட்டுப் பற்ற வைப்பார்கள். ஆனால் முழுசாக எரிய விட மாட்டார்கள். காற்றை அளவாகத்தான் உள்ளே விடுவார்கள். கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் ஹைட்ரஜனும் வரும். இரண்டுமே எரியக்கூடிய வாயுக்கள். இந்தக் கலவைக்குப் பெயர் புரொட்யூசர் கேஸ்.

இந்த வாயுவை அப்படியே இன்ஜினுக்குள் விட முடியாது. காரணம் இரண்டு. ஒன்று, அதில் சாம்பலும் தாரும் கலந்திருக்கும். அது சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் அரித்துவிடும். அதனால் ஃபில்டர் வேண்டும். இரண்டு, வாயு கொதிக்கக் கொதிக்க வரும். சூடான வாயு விரிந்து மெலிதாகிவிடும், அதே இடத்தில் குறைந்த அளவுதான் அடங்கும். அதனால் குளிர வைக்கும் குழாய்கள் வேண்டும். கடைசியில் கார்புரேட்டர் செய்யும் வேலைக்குப் பதிலாக, வாயுவையும் காற்றையும் சரியான அளவில் கலக்க ஒரு மிக்ஸிங் வால்வு.

பிளான்ட், ஃபில்டர், கூலர், வால்வு. மொத்த எரிபொருள் சிஸ்டமும் புதுசு. இன்ஜின் மட்டும் பழசு!

அப்போ பவர் குறையாதா?

நிச்சயம் குறையும். புரொட்யூசர் கேஸில் ஏறத்தாழ பாதி நைட்ரஜன். அது எரியாது. அதனால் பெட்ரோலில் ஓடும் இன்ஜினை கேஸுக்கு மாற்றினால் சுமார் 30 முதல் 50 சதவீதம் வரை பவர் இறங்கிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ கரி தேவைப்படும். மேடு வந்தால் பஸ் திணறும்.

இழந்த பவரில் கொஞ்சத்தையாவது மீட்க வழி இருந்தது. இந்த வாயு மெதுவாக எரியும் என்பதால் ஸ்பார்க் நேரத்தை முன்னுக்குத் தள்ளுவார்கள். இன்ஜினின் கம்ப்ரஷனையும் கூட்டுவார்கள். இன்றைக்கு கராஜில் டியூனிங் என்கிறோமே, அதேதான். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, காதும் ஸ்பேனரும்தான்.

ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டில் பிளான்ட் எரிந்தால் உயிருக்கே ஆபத்து. காலையில் கரியைப் பற்ற வைத்து, காற்றடித்து, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். தினமும் சாம்பல் அள்ள வேண்டும். கிளீனருக்குத்தான் கஷ்டம்.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் நாடுகளிலும் அந்தப் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும், எல்லா இடத்திலும் டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். மெதுவான, அழுக்கான வழிதான். ஆனால் பஸ்ஸை ஓட வைத்தது.

வீட்டில் எப்படி?

சுந்தரம் ஐயங்காரின் மகள் டி.எஸ். சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம். சௌந்தரம் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1940-ல் காந்தியின் முன்னிலையில் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் அருகே தொடங்கியதுதான் காந்திகிராமம். பின்னாளில் மத்திய அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார்.

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28-ம் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 78.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

பட்டியலைக் கவனியுங்க. 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். 1966-ல் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், போல்ட், நட்டு. டீசல் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் பம்ப் தயாரிப்பும் பின்னர் குழுமத்துக்குள் வந்தது. முழு வண்டி செய்வதற்கு முன்பே வண்டியின் பாகங்களைச் செய்தார்கள். பஸ் ஓட்டியவர் பட்ட பாடு, பிள்ளைகள் காலத்தில் தொழிலானது என்று சொல்லலாம்.

1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. குடும்பம் தொடங்கிய முதல் தொழில் கையை விட்டுப் போனது. ஆனால் உதிரிபாகத் தொழில் நின்றது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன வண்டி, ஓசூரின் முகத்தையே மாற்றிய தொழிற்சாலைகளில் ஒன்றின் தொடக்கம். இன்று பேரிகை, பாகலூர், சூளகிரி பக்கத்து கிராமங்களில் இருந்து ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்களில் பலர், ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்யத்தான் போகிறார்கள்.

சரி, டர்போ காருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. கரி பஸ்ஸில் எரிபொருள் மாறியது, அதனால் அதைச் சுற்றியுள்ள அத்தனையும் மாற வேண்டியிருந்தது. டர்போ காரில் காற்று கூடுகிறது. அப்போதும் அதே விதிதான்.

ஒரு பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழுசாக எரிவதற்கான எடைக் கணக்கு. டர்போ முழு பூஸ்டில் இருக்கும்போது பெட்ரோலை இன்னும் கூட்டி, காற்றை 12 பங்கு அளவுக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். 120 குதிரைத்திறன் இன்ஜினை 160 ஆக்கினால், எரிபொருளும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும்.

ரீமேப் மட்டும் செய்துவிட்டு பழைய பம்ப், பழைய இன்ஜெக்டரோடு விட்டால்? இன்ஜெக்டர் திறந்தபடியே கிடந்தாலும் தேவையான அளவு வராது. பிரஷர் ஏற ஏற பம்ப் தரும் அளவும் குறையும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. நாக்கிங் தொடங்கும். கவனிக்காமல் நெடுஞ்சாலையில் அழுத்தினால் பிஸ்டன் உருகும் வரை போகலாம். அதனால்தான் பம்ப், இன்ஜெக்டர், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். எந்தக் கண்ணி பலவீனமோ, இன்ஜினின் பலம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. ரேஸ் டிராக்குக்கான வேலையை ரோட்டு வண்டியில் செய்தால் மாட்டுவது வண்டி ஓனர்தான்.

பெட்ரோல் இல்லை என்று வந்தபோது சுந்தரம் ஐயங்கார் புது இன்ஜின் தேடிப் போகவில்லை. இருக்கிற இன்ஜினுக்கு என்ன தீனி போட முடியும், அதற்கு எந்தெந்தப் பாகம் மாற வேண்டும் என்றுதான் பார்த்தார். பவர் பாதியானாலும் பஸ் ஓடியது. காரை டியூன் செய்யக் கொடுக்கும் முன், பவர் எத்தனை ஏறும் என்பதோடு எரிபொருள் அதற்குப் போதுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.