கரும்பறிஞர் வேங்கடராமனார்

கள்ளக்குறிச்சிக் கழனிகளில் நிமிர்ந்து நிற்கும் கரும்பின் முன்னோருள் ஒன்று காட்டு நாணல் என்றால் நம்புவீரோ, மாணவர்களே? 1912-இல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் என்னும் ஆங்கிலேயருக்குத் துணைநின்றார் டி. எஸ். வேங்கடராமனார். அங்கே இனிய வெள்ளைக் கரும்பின் பூவில் நாணலின் மகரந்தம் சேர்க்கப்பட்டது. தாயின் இனிமையையும் தந்தையின் வலிமையையும் மரபணுக்கள் சேய்க்கு அளித்தன. அங்ஙனம் பிறந்த ‘கோ 205’ 1918-இல் வட இந்திய உழவரை அடைந்து, அவர்தம் மெல்லிய நாட்டுக் கரும்பினும் மிகுதியாக விளைந்தது.

பின்னர் நிலையத் தலைவரான அவர், கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடுங்கூடக் கலந்து பார்த்தார். ஒரே வகையை எங்கும் நடுவதில் இடரும் உண்டு. 1938-ஐ ஒட்டிப் பீகாரில் பரவிய செவ்வழுகல் நோய் ‘கோ 213’ வயல்களைச் சூறையாடிற்று. இன்றோ மரபணுவைத் தனியே பிரித்துச் செடியிற் புகுத்துகின்றனர். அவருக்கு வாய்த்த கருவிகள் பூவும் பொறுமையுமே. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவ்வறிஞர் 1963-இல் மறைந்தார்.