அளந்தறிந்த வாழ்வு

நிலப்படம் என்பது கண்டதை வரைவதன்று, அளந்தறிந்ததை வரைவது. இவ்வுண்மைக்கே தம் வாழ்நாளை ஈந்தவர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தில் பிறந்து, படை அலுவலராக இந்தியா வந்த அவர், 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையின் அருகே தம் அளவைப் பணியைத் தொடங்கினார்.

முதலில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். கோடை வெப்பத்தில் சங்கிலி நீளும் என்பதால், வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு அளவைத் திருத்தினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம். இம்முறையில் குன்றுகளையும் கோபுரங்களையும் இணைத்து முக்கோணங்களை வளர்த்துச் சென்றார். ஒரு கோணம் தவறினால் அடுத்தவை யாவும் தவறும்.

1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள கோணமானி கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. இலண்டனில் செய்யப்பட்ட அக்கருவிக்கு மாற்று உடனே கிடைப்பது அரிது. லாம்டன் மனந்தளரவில்லை, ஆறு வாரங்கள் கூடாரத்திலேயே தங்கி, வளைந்த உலோக வட்டத்தைச் சிறிது சிறிதாகத் தாமே சீராக்கினார். பணி தொடர்ந்தது.

1823 ஜனவரி 20 அன்று, வடக்கு நோக்கிய அளவைப் பயணத்தின் இடையே, நடு இந்தியாவின் இங்கண்காட்டில் அவர் மறைந்தார். அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்றார். இமயச் சிகரங்களின் உயரத்தை உலகம் அறிய உதவிய முக்கோணங்களின் முதற்கோடு தமிழ் மண்ணில் அளக்கப்பட்டதே ஆகும்.