பச்சை நீரைப் படித்த பெரியவர்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

வயல் பச்சையாக இருந்தால் உள்ளம் குளிர்கிறது. மலை பச்சையாக இருந்தால் கண் குளிர்கிறது. ஆனால் தண்ணீர் பச்சையாகிவிட்டால் மட்டும் நாம் முகம் சுளிக்கிறோம். பாசி என்று சொல்லிப் படியைத் தேய்க்கிறோம், தொட்டியைக் கழுவுகிறோம், கால் வழுக்கினால் திட்டுகிறோம். அந்தப் பாசியைத் தம் வாழ்நாள் முழுவதும் படித்த ஒரு தமிழகத்து அறிஞரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவரைப் பற்றி நான் அறிய நேர்ந்ததற்கு என் கையால் செத்த ஆறு மீன்கள் காரணம். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் மீன்தொட்டி

எங்கள் ஊர் கொல்லிமலையில் பைல் நாடு. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் தம்பிக்காக நாமக்கல்லில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியும் ஆறு கப்பி மீன்களும் வாங்கினேன். பாலிதீன் பையில் இருந்த மீன்களை மடியில் வைத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வீடு சேர்ந்தேன். தம்பி அன்றிரவு தூங்கவே இல்லை.

வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று தொட்டியைக் கிழக்குப் பார்த்த சன்னலில் வைத்தோம். மீன் பசியாறட்டும் என்று வேளைக்கு ஒருமுறை தீனி போட்டோம். பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. தம்பி பாதித் தண்ணீரை ஒரு பழைய வாளியில் ஊற்றிப் புறக்கடையில் வைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினான். மூன்றாம் நாள் மறுபடியும் பச்சை. உள்ளே மீன் இருப்பதே தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கிறவன் நான் இருக்கும்போது தம்பிக்கு என்ன கவலை? காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் போர்டோ கலவை அடிப்பதற்காக அப்பா வைத்திருந்த மயில்துத்தம் வீட்டில் இருந்தது. செம்பு பாசியைக் கொல்லும் என்று எங்கோ படித்த நினைவு. ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் ஆறு மீன்களும் மேலே மிதந்தன.

எங்கள் மலையில் மீனுக்கு ஒரு மரியாதை உண்டு. அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டிய ஓடையில் உள்ள மீன்களுக்குப் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். அறுத்த மீன் மீண்டும் பொருந்தித் தண்ணீரில் துள்ளி ஓடியது என்பது அந்தக் கோயிலின் கதை. என் மீன்கள் பொருந்தவும் இல்லை, ஓடவும் இல்லை. ஆயா அவற்றை வாழையடியில் புதைத்தார். தம்பி என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

ஒரு துளியில் ஓர் உலகம்

விடுமுறை முடிந்து திரும்பும்போது புறக்கடை வாளியில் இருந்த பச்சைத் தண்ணீரை ஒரு சீசாவில் அடைத்து எடுத்து வந்தேன். நான் செய்த தவறு எதுவென்று தெரிந்தாக வேண்டும் என்ற உறுத்தல். எங்கள் பேராசிரியர் ஐயா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். அழுக்கு என்று நான் நினைத்திருந்தது அழுக்கே அல்ல. கடுகு இறைத்தாற்போல் எண்ணற்ற பச்சை உருண்டைகள். அவற்றின் நடுவே, ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தாகச் சேர்ந்த சில உயிர்கள் உருண்டு உருண்டு நீந்திக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பாண்டொரைனா என்று பெயர் என்று ஐயா சொன்னார். இவற்றை நம் நாட்டில் ஆழ்ந்து ஆராய்ந்த ஒருவர் இருந்தார், நீ கொல்லுமுன் அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டனவே என்பதை நூலகத்துக்குப் போன பிறகுதான் அறிந்தேன்.

பாசியியலின் தந்தை

இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றினார். பிறகு தாம் படித்த மாநிலக் கல்லூரிக்கே தாவரவியல் ஆசிரியராக வந்தார்.

அந்நாளில் தாவரவியல் என்றால் பூக்கும் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயரிடுவதே பெரும்பணியாக இருந்தது. பூவும் இல்லாமல் இலையும் இல்லாமல் குட்டையில் மிதக்கும் பச்சையைத் திரும்பிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஐயங்கார் பார்த்தார். சென்னையின் வால்வாக்ஸ் குடும்பத்துப் பாசிகளைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1920இல் வெளிவந்தது. நான் அன்று கண்ட பாண்டொரைனாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வால்வாக்ஸைப் பற்றி நாம் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம். நூற்றுக்கணக்கான, சில இனங்களில் ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் ஒரே பந்தாகக் கூடி வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். அத்தனையும் ஒருங்கே அசைய, பந்து உருண்டு செல்கிறது. தாய்ப்பந்தின் வயிற்றுக்குள்ளேயே சேய்ப்பந்துகள் வளர்கின்றன. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்தச் செய்திகள் குட்டைநீரில் குனிந்து நின்றவர்கள் கண்ணால் கண்டு எழுதியவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடற்பாசியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இல் எழுதினார்.

நாற்பதைக் கடந்த மாணவர்

அவருடைய வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனி வருவது. பல்லாண்டு ஆசிரியராக இருந்த பின், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அவர் மீண்டும் மாணவரானார். கடல் கடந்து இலண்டன் சென்று, குயின் மேரி கல்லூரியில் எஃப்.ஈ. ஃபிரிட்ஷ் என்னும் பாசியியல் பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு தாளில் தவறினாலே படிப்பை விட்டுவிடலாமா என்று எண்ணுகிற நமக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

திரும்பி வந்த ஐயங்கார் 1932இல் ஒரு புதிய பாசியை உலகுக்கு அறிவித்தார். அது மிதக்கும் பாசி அன்று. ஈர மண்ணில் வாழ்வது. ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்கு போலத் திரண்டு, வேர் போன்ற இழைகளை விட்டு நிற்கிறது. மற்றொரு பகுதி மண்ணுக்கு மேலே நிமிர்ந்து வளர்கிறது. நீரில் தோன்றிய தாவரம் நிலத்தில் எவ்வாறு கால் ஊன்றியிருக்கக்கூடும் என்பதை விளக்க உலகத்துப் பாடநூல்கள் இந்தப் பாசியை எடுத்துக்காட்டின. அதற்கு அவர் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. தம் ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா என்று அழைத்தார். 1936இல் அவர் விளக்கிய காரசியோசைஃபான் என்ற மற்றொரு பாசியும் அறிவியலுக்குப் புதியதே.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து அவர் பல மாணவர்களை உருவாக்கினார். அவர்களில் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட பெருநூலை இன்றும் ஆய்வாளர்கள் கையில் எடுக்கிறார்கள். கோயில் குளத்து நீர் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருப்பது ஏன் என்பதையும் அக்காலத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசி நிலையாகத் தங்கிவிட்ட ஒரு குளத்தைப் பற்றி 1940இல் எஸ்.வி. கணபதி எழுதினார். கோயில் குளமும் என் தம்பியின் தொட்டியும் அளவில்தான் வேறு.

1962இல் இந்தியப் பாசியியல் கழகம் தொடங்கப்பட்டபோது ஐயங்கார் அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே, 1963 டிசம்பர் 10ஆம் நாள், எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இயற்கை எய்தினார். வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றி அவரும் தேசிகாச்சாரியும் எழுதிய நூல் 1981இல்தான் அச்சேறியது. விதைத்தவர் போனார்; விளைச்சல் பதினெட்டு ஆண்டு கழித்து வீடு வந்தது.

நான் கற்ற பாடம்

இந்த வரலாற்றைப் படித்த பிறகே என் தவறு எனக்கு விளங்கியது. பாசி பகைவன் அல்ல. அது ஒரு செய்தி. அளவு மீறிய வெயிலும், மீன் தின்னாமல் அடியில் அழுகும் தீனியும், மீனின் கழிவும் சேர்ந்து பாசிக்கு உரமாகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த நீரில் வெயில் பட்டால் அது வளராமல் என்ன செய்யும்? நான் செய்தியைப் படிக்காமல் தபால்காரனை அடித்திருக்கிறேன்.

செம்பு மீனுக்கும் நஞ்சு. சோப்பு போட்டவுடன் நுரைக்கும் எங்கள் மலைநீர் போன்ற மென்னீரில் அதன் கடுமை இன்னும் அதிகம். அதோடு பாசி முழுவதும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது, அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் உள்ள உயிர்வளியைக் குடித்துவிடுகின்றன. நஞ்சில் தப்பிய மீனும் மூச்சு முட்டிச் சாகும். என் ஒரு சிட்டிகை இரண்டு வழியிலும் வேலை செய்திருக்க வேண்டும்.

அடுத்த விடுமுறையில் மீண்டும் ஆறு மீன்களோடு மலை ஏறினேன். இம்முறை தொட்டியை வெயில் நேரே விழாத சுவரோரம் வைத்தோம். நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும், அடியில் தங்கிய கசடோடு உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுநீர் விட்டோம். முழு நீரையும் ஒரே முறையில் மாற்றினால் மீனும் தாங்காது, கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்களும் நிலைகுலையும். பாசிக்குப் போகும் உரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஹைட்ரில்லாக் கொடி சிலவற்றை நட்டோம். கண்ணாடியில் படியும் பசும்படலத்தைத் தம்பி பழந்துணியால் துடைத்துவிடுவான். ஒருமுறை நீர் சற்றே பச்சை கட்டியபோது, சாக்கால் தொட்டியைச் சில நாள் மூடி வைத்தோம், தீனியைக் குறைத்தோம், தெளிந்துவிட்டது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

மீன்கள் இப்போது குட்டி ஈன்று பெருகிவிட்டன. ஆனால் எனக்குப் பெருமை தருவது அதுவன்று. தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றிப் பழைய கிழக்குச் சன்னலில் தம்பி வைத்திருக்கிறான். அது வேண்டுமென்றே பச்சையாக விடப்பட்ட நீர். கல்லூரியில் உள்ள நுண்ணோக்கியில் அதன் ஒரு துளியைப் பார்க்க வேண்டுமாம். கல்லூரி விழாவுக்கு அவனை அழைத்து வரப்போகிறேன்.

மாணவ நண்பர்களே, நமக்குப் பிடிக்காத ஒன்றை அழிக்கக் கை நீளுமுன் அதை ஒருமுறை உற்றுப் பார்ப்போம். வழுக்கும் பாசியிலும் வாழ்நாள் முழுதும் படிக்கத்தக்க பாடம் இருக்கிறது என்று காட்டிய அந்தப் பெரியவருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.