வ. உ. சிதம்பரம்பிள்ளை

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கிடக்குங் கடல் பெரிதன்று, ஓரிரவிற் கடந்துவிடலாம். அச்சிறு கடலிற் சொந்தக் கப்பல் விடத் துணிந்தமையால் தொழிலையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. சட்டப்படி அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றம் மேடைப்பேச்சு. ஆட்சியாளர்க்கு உண்மையிற் சினமூட்டியது கப்பலே எனலாம்.

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், வக்கீல் உலகநாதபிள்ளையின் மைந்தராக 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். திருச்சிராப்பள்ளியிற் சட்டம் பயின்று, 1894இற் பிளீடர் பரீட்சையில் தேறினார். எம் நாட்டிற் பிறக்கிறாசி எனப்பட்டோர் தொழிலோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். ஊரிலே தந்தையைப் போலத் தொழில் நடத்தி, 1900இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி வாங்காது நடத்தியமையால் மக்களிடத்தும், பொலிசார் கொணர்ந்த வழக்குகளை உடைத்தமையால் பொலிசாரிடத்தும் அவர் பெயர் பரவிற்று. பரவிய வகை வேறு வேறு.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது எழுந்த சுதேசிக் கிளர்ச்சி அவரை ஆட்கொண்டது. கைத்தறி ஆடை உடுப்பதோடு அமைந்துவிடாமல், கொழும்புப் போக்குவரத்தைத் தம் பிடிக்குள் வைத்திருந்த ஆங்கிலக் கப்பற் கம்பெனியோடு போட்டியிட முனைந்தார். 1906 ஒக்டோபரிற் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத்தேவர் தலைவரானார். முதலில் வாடகைக்கு வாங்கிய கப்பல்களை எதிரிகள் தந்திரத்தால் நிறுத்திவிட, பிள்ளையவர்கள் கொழும்புக்கு விரைந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சேவையைக் காத்தார். பின்னர் பெரும்பொருள் திரட்டி வாங்கிய காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் 1907இல் தூத்துக்குடியை அடைந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஈற்றில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தது என்பர். அக்குடையை விரும்பாது பணங் கொடுத்துச் சென்ற பிரயாணிகளே கம்பெனியின் உண்மையான மூலதனம்.

1908 பெப்ரவரியிற் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்று வெற்றி தேடிக்கொடுத்தனர். கம்பெனி இயக்குநர் சிலர் அரசியலை விட்டுவிடும்படி அவரை வேண்டியிருந்தனர். வாணிக நோக்கில் அவ்வேண்டுகோள் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்க்கு வாணிகமும் அரசியலும் வேறாயிருந்ததில்லை. மார்ச் 12ஆம் நாள் கைதானார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவ்வாண்டு யூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை, அஃதாவது 40 ஆண்டு தீவாந்தரம், விதித்தார். மேன்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் நீதிமன்றத்தில் வாதித்த அவ்வக்கீல் மாடுபோற் செக்கிழுத்தார். அவர் கண்ணனூர்ச் சிறையில் இருக்கையில், 1911இற் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பலொன்று எதிரிக் கம்பெனிக்கே விலையாயிற்று என்பர்.

1912 திசெம்பர் 24ஆம் நாள் விடுதலையானபோது வாயிலிற் கூட்டமில்லை. தொழுநோயுற்ற சிவா காத்து நின்றார். வக்கீற் பத்திரமும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் அரிசியும் எண்ணெயும் விற்று வயிறு வளர்த்த காலமும் உண்டு. நீதிபதி வாலஸ் அப்பத்திரத்தை மீட்டுக்கொடுத்தபோது, நன்றி மறவாத அவர் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயரை வெறுத்தாரல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஒத்துழையாமைத் திட்டத்தில் உடன்பாடின்றி 1920இற் காங்கிரசை விட்டு விலகினார்.

கோவிற்பட்டியில் மீண்டும் வழக்காடிய நாள்களில் அவருக்கு ஆறுதல் தமிழே. சிறையிலே தொடங்கிய எழுத்துப் பணியிலிருந்து மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்கள் எழுந்தன. ஜேம்ஸ் ஆலனின் நூல்களும் தமிழாயின. தொல்காப்பியத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தார். சிவஞானபோதத்துக்கு உரை கண்டார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையின் நாட்டார், பிள்ளையவர்களின் இப்பணியைக் கப்பற் பணிக்கு இரண்டாவதாக எண்ணுதல் தகாது.

1936 நவம்பர் 18ஆம் நாள், தம் விருப்பப்படி தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். இறக்குமுன் எழுதிய உயிலிற் கடைகளுக்குக் கொடுக்கவேண்டிய சில்லறைக் கடன்களை ஒவ்வொன்றாகக் குறித்திருந்தார்.