பிலிப் லெக்லேர்

பிலிப் லெக்லேர் (நவம்பர் 22, 1902 – நவம்பர் 28, 1947) இரண்டாம் உலகப் போரில் சுதந்திர பிரெஞ்சுப் படைகளின் முதன்மையான தளபதிகளுள் ஒருவர். 1944 ஆகஸ்ட்டில் பாரிஸ் நகரையும் அதே ஆண்டு நவம்பரில் ஸ்திராஸ்பூர் நகரையும் ஜெர்மானியரிடமிருந்து மீட்ட பிரெஞ்சு 2வது கவசப் படைப்பிரிவுக்கு இவரே தலைமை தாங்கினார். லெக்லேர் என்பது இவரது இயற்பெயர் அன்று.

இளமை

வடபிரான்சின் பிக்கார்டிப் பகுதியில் உள்ள பெல்லுவா-சென்-லியோனார் என்னும் சிற்றூரில், பழைய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிலிப் டி ஓட்குளோக் என்ற பெயரில் பிறந்தார். சென்-சீர் படைத்துறைப் பள்ளியிலும் சோமூர் குதிரைப்படைப் பள்ளியிலும் பயின்றபின் மொரோக்கோவில் பணியாற்றினார். 1936இல் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. பிற்காலப் படங்களில் இவர் கையில் காணப்படும் ஊன்றுகோலுக்கு இதுவே காரணம்.

பெயர் மாற்றம்

1940இல் ஜெர்மனி பிரான்சைத் தோற்கடித்தபோது லெக்லேர் கேப்டன் பதவியில் இருந்தார். இருமுறை எதிரியிடம் பிடிபட்டு இருமுறையும் தப்பினார். ஸ்பெயின், போர்த்துகல் வழியாக 1940 சூலையில் லண்டனை அடைந்து சார்லஸ் டி கோலுடன் இணைந்தார். மனைவியும் ஆறு குழந்தைகளும் பிரான்சிலேயே இருந்தமையால், அவர்களுக்குத் தீங்கு நேராதிருக்க லெக்லேர் என்ற பொதுவான குடும்பப் பெயரைப் புனைபெயராகக் கொண்டார்.

ஆப்பிரிக்காவில்

1940 ஆகஸ்ட்டில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட வீரர்களுடன் இரவில் படகுகளில் சென்று கமரூனின் துவாலா துறைமுகத்தைக் கைப்பற்றினார். அங்கிருந்த அதிகாரியின் பதவி தம்முடையதைவிட உயர்ந்ததாக இருந்ததால், கரையேறுமுன் தாமே தம்மைக் கர்னலாக உயர்த்திக்கொண்டார். இப்பதவியைப் பின்னர் டி கோலும் ஏற்றுக்கொண்டார்.

அடுத்துச் சாட் நாட்டின் படைத்தளபதியாக அனுப்பப்பட்டார். அங்கிருந்து சுமார் 400 பேருடன் சகாராவைக் கடந்து, இத்தாலியர் வசமிருந்த லிபியாவின் குஃப்ரா பாலைவனச்சோலையை முற்றுகையிட்டார். இவரது சிறு படையின் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். ஒரேயொரு 75 மி.மீ. பீரங்கியை இடம்மாற்றி இடம்மாற்றிச் சுட்டு, தம்மிடம் பல பீரங்கிகள் உள்ளன என எதிரியை நம்பவைத்தார். 1941 மார்ச் 1 அன்று குஃப்ரா சரணடைந்தது. ஸ்திராஸ்பூர் பேராலயத்தின் மீது பிரெஞ்சுக் கொடி பறக்கும் வரை ஆயுதங்களைக் கீழே வைப்பதில்லை என்று லெக்லேரும் வீரர்களும் அங்கு உறுதி பூண்டனர். இது குஃப்ரா சூளுரை எனப்படுகிறது.

2வது கவசப் படைப்பிரிவு

1943இல் மொரோக்கோவில் அமெரிக்கத் தளவாடங்களைக் கொண்டு இப்பிரிவு அமைக்கப்பட்டது. சுமார் 16,000 பேர் கொண்ட இதில் டி கோலின் ஆதரவாளர்களும், அண்மைக்காலம் வரை விசி அரசுக்குப் பணிந்திருந்தோரும், வட ஆப்பிரிக்க முசுலிம்களும், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று நாடிழந்த குடியரசினரும் இருந்தனர். காயமுற்றோர் ஊர்திகளை ஓட்டப் பெண்கள் குழு ஒன்றும் இருந்தது. ஆனால் சாட் நாட்டிலிருந்து பாலைவனம் கடந்து வந்த கறுப்பின வீரர்கள் இப்பிரிவில் சேர்க்கப்படவில்லை. பாரிசுக்குள் நுழையும் பிரெஞ்சுப் படை வெள்ளையர் படையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க, பிரித்தானியத் தலைமைகள் விரும்பின. குஃப்ராவில் போரிட்ட ஆப்பிரிக்கர் பலர் ஸ்திராஸ்பூரைக் காணாமல் போனமைக்கு இதுவே காரணம்.

பாரிஸ் விடுவிப்பு

படைப்பிரிவு 1944 ஆகஸ்ட் 1 அன்று நார்மண்டியில் கரையிறங்கியது. நார்மண்டிச் சண்டைகளிலும் நேச நாடுகளின் குண்டுவீச்சிலும் சுமார் 20,000 பிரெஞ்சுப் பொதுமக்கள் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. விடுவிக்கப்பட்ட ஊர்கள் பல இடிபாடுகளாகவே மீட்கப்பட்டன.

பாரிசைச் சுற்றிக் கடந்து செல்லவே ஐசனாவர் எண்ணியிருந்தார். நகரைக் கைப்பற்றினால் அதன் மக்களுக்கு நாள்தோறும் சுமார் 4,000 டன் உணவும் பொருள்களும் அளிக்க வேண்டியிருக்கும் என அமெரிக்கத் தலைமை கணித்தது. ஆனால் ஆகஸ்ட் 19 அன்று நகர மக்கள் கிளர்ந்தெழுந்து தெருக்களில் தடுப்பரண்கள் அமைத்தனர். லெக்லேர் தம் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி செரோவின் இசைவின்றியே ஆகஸ்ட் 21 அன்று ஒரு சிறு குழுவைப் பாரிஸ் நோக்கி அனுப்பினார். மறுநாள் மாலையில்தான் ஆணை வந்தது.

ஆகஸ்ட் 24 அன்று புறநகர்களில் ஜெர்மானிய பீரங்கிகள் ஒருபுறமும் மகிழ்ச்சிப் பெருக்கில் சாலையை நிறைத்த மக்கள் மறுபுறமும் படையைத் தாமதப்படுத்தினர். மக்கள் டாங்கிகளின் மீதேறி வீரர்களைத் தழுவினர். சில நிமிடங்களில் அதே தெருவில் சண்டை மூண்டதும் உண்டு. பாரிசைச் சேர்ந்த வீரர்கள் தம் வீட்டுத் தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதிக் கூட்டத்தினரிடம் கொடுத்தனர். நகரின் தொலைபேசிகள் அப்போதும் இயங்கியதால், நான்கு ஆண்டுகளாகச் செய்தியறியாத பெற்றோர் சிலருக்கு முன்பின் அறியாதவர்களே செய்தி சொன்னார்கள்.

பொறுமையிழந்த லெக்லேர் அன்று மாலை கேப்டன் ரேமோன் துரோனை எப்படியாவது நகரின் மையத்தை அடையுமாறு பணித்தார். சுமார் 150 பேருடன் உள்ளூர்வாசி ஒருவர் வழிகாட்டச் சந்துகள் வழியே சென்ற துரோன், இரவு ஒன்பது மணிக்குப் பின் நகர மன்றத்தை அடைந்தார். இவரது 9வது கம்பெனியில் பெரும்பாலோர் ஸ்பானியர். அவர்களின் ஊர்திகளில் ஸ்பெயினின் போர்க்களப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. நகரெங்கும் தேவாலய மணிகள் ஒலித்தன.

ஆகஸ்ட் 25 அன்று முழுப் படைப்பிரிவும், அமெரிக்க 4வது காலாட்படைப் பிரிவும் நுழைந்தன. ஜெர்மானியத் தளபதி கோல்டிட்ஸ் லெக்லேரிடம் சரணடைந்தார். எதிர்ப்பியக்கத் தலைவரும் தொழிலாளியுமான ரோல்-தாங்கியும் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட லெக்லேர் ஒப்புக்கொண்டார். கம்யூனிஸ்டு ஒருவர் அரசுப் படைக்கு இணையாக இடம்பெற்றதை டி கோல் விரும்பவில்லை. இச்சண்டையில் படைப்பிரிவு 71 வீரர்களை இழந்தது. 225 பேர் காயமுற்றனர். கொண்டாட்டங்களுக்கிடையே, ஜெர்மானியருடன் உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் விசாரணையின்றித் தெருவில் தலை மழிக்கப்பட்டு இழிவுபடுத்தப்பட்டனர்.

ஸ்திராஸ்பூரும் போர் முடிவும்

1944 நவம்பர் 23 அன்று படைப்பிரிவு ஸ்திராஸ்பூரைக் கைப்பற்றியது. பேராலயத்தில் கொடி ஏற்றப்பட்டுச் சூளுரை நிறைவேறியது. 1945 மே மாதத்தில் இப்படை இட்லரின் மலைவாழிடம் இருந்த பெர்க்டெஸ்காடன் வரை சென்றது. அப்பகுதியில் ஜெர்மானிய எஸ்.எஸ். படையில் பணியாற்றிப் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஆணையிட்டவர் யார் என்பதில் வரலாற்றாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

1945 செப்டம்பர் 2 அன்று சப்பானின் சரணடைவு ஆவணத்தில் பிரான்சு சார்பில் கையெழுத்திட்டார். பின்னர் இந்தோசீனப் படைகளுக்குத் தலைமையேற்றார். அங்கு ஆயுத வலிமையால் மட்டும் தீர்வு காண முடியாது எனக் கருதி ஹோ சி மின்னுடன் பேச்சுவார்த்தையை ஆதரித்தார். உயர் ஆணையர் தார்சான்லியூவுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 1946இல் நாடு திரும்பினார்.

மறைவு

1947 நவம்பர் 28 அன்று அல்சீரியாவின் கொலோம்-பெசார் அருகே இவர் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியதில் உடன் சென்றோருடன் உயிரிழந்தார். உடல் பாரிசின் இன்வாலிட் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1952இல் பிரான்சின் மார்சல் என்ற தகுதி இவருக்கு இறப்பிற்குப் பின் வழங்கப்பட்டது. பிரெஞ்சுப் படையின் லெக்லேர் டாங்கி இவர் பெயரைத் தாங்கியது. நெடுங்காலம் பெரிதும் பேசப்படாதிருந்த 9வது கம்பெனியின் ஸ்பானிய வீரர்கள் நினைவாகப் பாரிஸ் நகர மன்றத்தை ஒட்டிய தோட்டத்திற்கு 2015இல் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது.