கால்டுவெல் ஐயரும் நம் பிறப்பும்

ஒருவனுடைய தந்தை இன்னாரென்று சொல்லிவிட்டால், அவன் இன்னானென்று சொல்லி முடித்ததாகவே உலகம் கருதுகிறது. மனிதனுக்குள்ள இந்த வழக்கு பாஷைக்கும் ஜாதிக்கும் உண்டு. இவ்விரண்டின் வம்சத்தையும் ஆராய்ந்து எழுதிய ஓர் அறிஞர், 1891-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் காலமானார். அவரே ராபர்ட் கால்டுவெல்.

அயர்லாந்தில் 1814-ல் ஸ்காட்லாந்துக்காரரான எளிய பெற்றோருக்குப் பிறந்த அவர், 1838-ல் சென்னை வந்து இறங்கினார். 1841-ல் கால்நடையாகவே புறப்பட்டு, தஞ்சை, நீலகிரி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியை அடைந்தார். பனையேறிப் பிழைத்த மக்கள் நிறைந்த அவ்வூரில் பள்ளிக்கூடம் வைத்தார். 33 வருஷம் பாடுபட்டு ஒரு தேவாலயத்தை 1880-ல் கட்டி முடித்தார். அவர் மனைவி எலிசா அம்மையார் பெண்களுக்குக் கல்வியளித்தார். ஊராருக்கு அவர் குருவும் தந்தையுமாக விளங்கினார்.

அவர் புகழுக்குக் காரணம் 1856-ல் வெளியான திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணம். ஸம்ஸ்கிருதமே தென்னாட்டுப் பாஷைகளையும் ஈன்றதென்று வித்துவான்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. இவை தனிக் குடும்பமென எல்லிஸ் துரை 1816-லேயே எழுதியிருந்தார். எண்ணுப் பெயர்களையும், மூவிடப் பெயர்களையும், வினை விகுதிகளையும் ஒப்பிட்டு அதை விரிவாக நிலைநாட்டியவர் கால்டுவெல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் உடன்பிறந்தவை என்பதைத் தமிழர் மகிழ்ந்து ஏற்றனர்.

ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன், 1849-ல், அவர் மற்றொரு நூல் எழுதியிருந்தார். தாம் ஊழியம் செய்த நாடார் குலத்தாரைப் பற்றியது அது. அவர்கள் ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர்களென்றும், அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவர்களென்றும் அதில் எழுதினார். மிஷன் பள்ளியில் பயின்ற சட்டாம்பிள்ளை என்பவர் 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளையர் தலைமையை உதறித் தனிச் சபை கண்டார். அந்நூலின்மேலிருந்த மனக்கசப்பும் அதற்கு ஒரு காரணம். பின்னர் 1880-களில் அச்சமூகத்தார் அரசாங்கத்துக்கும் திருச்சபைத் தலைவர்களுக்கும் விண்ணப்பங்கள் விடுத்தனர். அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. தந்தை கற்பித்த எழுத்தைக் கொண்டே மக்கள் தந்தைக்கு மறுப்பு எழுதினார்கள்!

தந்தை சொல்லைத் தட்டலாகாதென்பது நம் வழக்கு. எனினும் தன் பிறப்பையே இழித்துரைக்கும் சொல்லை மகன் எங்ஙனம் பொறுப்பான்? பாஷையின் வம்சத்துக்கு யாவரும் சோதித்தறியத்தக்க சான்றுகளை அவர் காட்டினார். மக்களின் வம்சத்தையோ, ஆள்வோன் ஆளப்படுவோனை நோக்கும் பார்வையால் அளந்தார். முன்னது நின்றது, பின்னது வீழ்ந்தது.

1891-ம் வருஷத் தொடக்கத்தில் பதவி துறந்து அவர் கொடைக்கானலில் தங்கினார். மோட்டார்ப் பாதையில்லாத அக்காலத்தில், நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் அம்மலைக்கு ஏறவேண்டும். அங்கே இறந்த அவருடைய உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, இடையன்குடித் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிவைத்த வாழ்க்கை நினைவுகளை மருமகன் வயட் 1894-ல் பதிப்பித்தார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அவரை மறுத்த சமூகத்தார் அவருடைய கல்லறையைப் புறக்கணிக்கவில்லை. தந்தையின் பிழையை ஒதுக்கி, அவர் ஈட்டியதைக் காப்பதே நன்மக்களுக்கு அழகு. நம் பிறப்பைப் பிறர் எழுதித் தரும்போது, போற்றுரையாயினும் இகழுரையாயினும், சான்று கேட்டே ஏற்போமாக.