ஒன்றே முக்கால் ரூபாயில் பிறந்த பத்திரிகை

கடையில் எடை குறைந்தாலும், தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், டி.வி. நிருபரிடம் சொல்லலாம் என்று எங்கள் சங்கராபுரம் கடைவீதியில் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். கேமராவும் மைக்கும் இல்லாத காலத்தில் மக்கள் குறையை யார் எடுத்துச் சொன்னார்கள்? அப்படிச் சொன்ன ஒரு முன்னோடியைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோமா? அவரும் என்னைப்போல் பள்ளி ஆசிரியர்தான்!

அவர் பெயர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1855-ம் ஆண்டு ஜனவரி 19-ம் தேதி திருவையாறில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, பள்ளியில் பாடம் நடத்தினார்.

1878-ல் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதைக் குறை கூறி எழுதின. பதில் சொல்ல நம்மவர்களிடம் பத்திரிகை இல்லை. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்கள் ஐந்து பேரும் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார இதழ் வெளிவந்தது. அச்சிட்டது எத்தனை பிரதி தெரியுமா? வெறும் 80!

ஆங்கிலத்தில் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள். ஆனால், வரி கட்டித் தவிக்கும் விவசாயிக்கு அது எப்படிப் புரியும்? அதனால் 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் இவரே. 1897-ல் லண்டன் சென்று, அரசின் வரவு செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் இந்தியர் சார்பில் சாட்சி சொன்னார்.

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. தன் வீட்டில் கடைப்பிடிப்பதுதானே கடினம்? விதவைகள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று வாதாடிய அவருடைய மகளே சிறுமியாக இருக்கும்போது கணவனை இழந்தார். சுப்பிரமணிய ஐயர் தயங்கவில்லை. 1889-ல் பம்பாயில் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். உறவினர்கள் ஒதுக்கினார்கள். அவர் கலங்கவில்லை.

1898-ல் 'தி இந்து'வை விட்டு விலகினார். மறு ஆண்டே சுதேசமித்திரனை நாளிதழ் ஆக்கினார். 1904-ல் மதுரையில் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை உதவி ஆசிரியராக அழைத்துவந்தார். அந்த இளைஞர் யார்? நம் பாரதியார்தான்!

ஆங்கில அரசு சும்மா இருக்குமா? 1908-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்தது. கடைசிக் காலத்தில் கொடிய நோயும் வாட்டியது. 1916-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் தேதி மறைந்தார்.

குழந்தைகளே! கடைக்குப் போனால் எடையைப் பாருங்கள். காலாவதி தேதியைப் படியுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். தவறு இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். புகார் செய்ய 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணே இருக்கிறது. ஒன்றே முக்கால் ரூபாயை வைத்துக்கொண்டு அவர் ஓர் அரசாங்கத்தையே கேள்வி கேட்டார். ஒரு ரசீது கேட்க நாம் கூச்சப்படலாமா?